பூட்டு உடையவில்லை, எதுவும் திருடுபோகவில்லை. அப்போதும் கன்னக்களவு வழக்கு வருமா?
வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரவு 2 மணிக்கு ஒருவன் பூந்தொட்டிக்கு அடியில் இருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்து நுழைந்தான், பீரோவைத் தொடும் முன்பே பிடிபட்டான் என்கிறீர்கள். இதற்குக் கடப்பாரை தேவையில்லை. அனுமதியில்லாமல் பூட்டைத் திறந்து நுழைவதையும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவு வீடு உடைத்தலாக, அதாவது கன்னக்களவாகத்தான் பார்க்கிறது. சுவரேறிக் குதித்தாலும் ஓட்டைப் பிரித்தாலும் அதேதான். சன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தாலே நுழைந்த கணக்கு. திறந்து கிடந்த கதவு வழியாகச் சாதாரணமாக வந்திருந்தால் அது வெறும் அத்துமீறல்.

உண்மையான போராட்டம் நோக்கத்தில்தான். திருடத்தான் வந்தான் என்று போலீஸ் நிரூபிக்க வேண்டும். கையில் இருந்த சாக்குப்பை, டார்ச் எல்லாம் அப்போது பேசும்.

தண்டனை 331ஆம் பிரிவில் இருக்கிறது. திருடும் நோக்கத்தோடு பகலில் என்றால் 10 ஆண்டு வரை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் என்றால் 14 ஆண்டு வரை, கூடவே அபராதம். பொருளையும் எடுத்திருந்தால் 305 சேரும், அதற்கு 7 ஆண்டு வரை. 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான்.

சரி, இப்போது எஃப்.ஐ.ஆரில் நேரம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தச் சாவியைத் துடைக்காமல் அப்படியே போலீஸிடம் கொடுங்கள், கைரேகை இருக்கலாம்.