அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் நீங்கள் விடாமல் கேட்கும் இசைக்குழு எது?

பிளமாஞ்ச். லண்டனின் ஹாரோ பகுதியில் 1979இல் ஆரம்பித்த குழு. இரண்டே பேர்: பாடுவது நீல் ஆர்தர், சிந்தசைசர் ஸ்டீபன் லஸ்கம். 1980இல் தாங்களாகவே ஒரு சின்ன ரெக்கார்டு போட்டார்கள். 1981இல் வந்த சம் பிசார் ஆல்பம் என்ற தொகுப்பில் டெபெஷ் மோட், சாஃப்ட் செல் பாட்டுகளோடு இவர்கள் பாட்டும் இருந்தது. சிந்தசைசரை மையமாக வைத்த எண்பதுகளின் சிந்த் பாப் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் அந்த இரண்டு குழுக்களையும் தெரியும். பிளமாஞ்ச் என்றால் மட்டும் யார் என்று கேட்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆதங்கம்.

நான் சோமனூர்க்காரன். தறிக்குடோன் சத்தத்திலேயே வளர்ந்ததால் டிரம்முக்குப் பதில் தாளம் போடும் டிரம் மெஷினின் சீரான அடி எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் எண்பதுகளின் சிந்த் பாப் பாட்டுகளுக்குள் போனேன். அங்கே 'லிவிங் ஆன் த சீலிங்' காதில் விழுந்ததும் நின்றுவிட்டேன். 1982இல் வந்து பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடம் வரை போன பாட்டு. அதில் சிதாரும் தபலாவும் இருக்கின்றன. சிதார் வாசித்தவர் தீபக் கஜாஞ்சி, தபலா பண்டிட் தினேஷ்.

மேல்நாட்டுப் பாட்டில் சிதார் வருவது புதிதில்லை. அறுபதுகளிலேயே வந்துவிட்டது. ஆனால் பல பாட்டுகளில் அது இலையோரத்து ஊறுகாய் மாதிரிதான், இல்லாவிட்டாலும் சாப்பாடு முடிந்துவிடும். இந்தப் பாட்டில் அப்படி ஒதுக்க முடியாது. சிந்தசைசர் மெட்டும் சிதாரும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. டிரம் மெஷின் அடி எப்போதும் ஒரே சுருதியில்தான் விழும், தபலாவின் இடக்கை அடியோ வளைந்து ஏறி இறங்கும். மெஷின் விட்ட இடத்தையெல்லாம் அந்த இடக்கைதான் நிரப்புகிறது. தபலாவை எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும்.

என் மச்சான் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிப்பவர். மாரியம்மன் நோம்பி சீசனில் வீட்டிலேயே இருக்க மாட்டார். அவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். "இதென்ன மாப்ள, வெள்ளக்காரன் பாட்டுல நம்மாளு வாசிச்ச மாதிரியே இருக்குது?" என்றார். "நம்மாளுதானுங்க மச்சான்" என்று பெயர்களைச் சொன்னேன். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். "மெசினு நமக்காக நிக்காது மாப்ள. அதுகூட இப்படி விளையாடிட்டே ஓடறது லேசுப்பட்ட வேலையில்ல" என்றார். எத்தனையோ இசை விமர்சனம் படித்திருக்கிறேன், இந்தப் பாட்டைப் பற்றி இவ்வளவு சரியாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு குறை, வீடியோ. பாட்டில் இந்திய வாத்தியம், படம் பிடித்ததோ எகிப்தில். கிழக்கு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற அந்தக் கால நினைப்பு. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனால் அந்த நினைப்பு ஸ்டீபனுக்கு இருந்ததாக நான் நம்பவில்லை. அவர் பண்டிட் தினேஷோடு சேர்ந்து வெஸ்ட் இந்தியா கம்பெனி என்று தனியாக ஒரு குழுவே தொடங்கினார். 1984இல் வந்த அவர்களுடைய 'ஆவே மரியா'வில் பாடியது யார் தெரியுமா? ஆஷா போஸ்லே! மூன்று வருடம் கழித்து இளையராஜா இசையில் 'செண்பகமே செண்பகமே' பாடி நம் ஊர் மைக்செட்டுகளில் எல்லாம் ஒலித்த அதே குரல். தீபக் கஜாஞ்சியும் சாதாரண ஆள் இல்லை. அலாப், ஹீரா போன்ற பிரிட்டிஷ் பாங்க்ரா (பஞ்சாபி ஆட்டப்பாட்டு) குழுக்களின் பாட்டுகளைத் தயாரித்தவர் அவர்தான்.

சரி, மற்ற கதை. 1983இல் 'பிளைண்ட் விஷன்' 10ஆம் இடம், 1984இல் 'டோன்ட் டெல் மி' 8ஆம் இடம். ஸ்வீடனின் ஆபா (ABBA) குழுவின் 'த டே பிஃபோர் யூ கேம்' பாட்டை இவர்கள் திரும்பப் பாடியது 22ஆம் இடம் வரை போனது. அசல் பாட்டு பிரிட்டனில் 32ஐத் தாண்டவில்லை. 1985இல் வந்த மூன்றாவது ஆல்பம் அவ்வளவாக எடுபடவில்லை. அடுத்த வருடம் பிரிந்துவிட்டார்கள். அப்புறம் 2011இல்தான் இருவரும் சேர்ந்து 'பிளாங்க் பர்ன்' வெளியிட்டார்கள். ஸ்டீபனுக்கு உடல்நிலை ஒத்துழைக்காததால் மேடைக்கு வர முடியவில்லை, நீல் அதே பெயரில் தனியாகத் தொடர்ந்தார். 2015 முதல் சில வருடங்கள் கிட்டத்தட்ட வருடம் ஒரு ஆல்பம் வந்தது. ஹிட் வேண்டும் என்ற அவசரம் எதுவும் அவற்றில் இல்லை. 'அன்ஃபர்னிஷ்ட் ரூம்ஸ்' மாதிரி ஆல்பங்களை இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது நான் இன்றும் கேட்கிறேன்.

புதிதாகக் கேட்பவர்கள் 1982இல் வந்த முதல் ஆல்பமான 'ஹாப்பி ஃபேமிலீஸ்' அசல் பதிவிலிருந்து தொடங்குங்கள். அதையே 2013இல் புதிதாகப் பதிவு செய்தும் வெளியிட்டிருக்கிறார்கள், தேடும்போது மாற்றி எடுத்துவிடாதீர்கள். 'லிவிங் ஆன் த சீலிங்' கேட்டதும் 'வேவ்ஸ்' போடுங்கள். வேகமே இல்லாத பாட்டு. நீல் ஆர்தர் எவ்வளவு நல்ல பாடகர் என்பது அதில்தான் தெரியும். ஹெட்போன் இருந்தால் நல்லது, போன் ஸ்பீக்கரில் அந்தத் தபலாவின் இடக்கை காதில் விழாது.