வலி முற்றிய பிறகு தரும் மாத்திரை

அன்புள்ள அக்கா,

மண்டபம் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. மாதவிலக்கு வந்தால் இரண்டு நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள், வாந்தி வேறு. தாங்காமல் அழும்போது மாத்திரை கொடுக்கிறேன், கேட்பதில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். கல்யாணமானால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

அன்புள்ள தங்கைக்கு,

மாத்திரை கேட்காததற்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். மாதவிலக்கின்போது கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து கருப்பையை இறுக்குகிறது. வாந்தியும் அதன் வேலையே. ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவை அது உருவாவதைத் தடுப்பவை. உருவாகிச் சேர்ந்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு. ஆகவே லேசாக இழுத்துப் பிடிக்கத் தொடங்கும்போதே கொடுங்கள். நாள் தப்பாமல் வருகிறதென்றால் முந்தின நாளே தொடங்கலாம். இந்த வயதில் வழக்கமான அளவு ஐபுப்ரோஃபென் 400 மி.கி., சாப்பிட்ட பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நாள். நடுவில் வலி தணிந்தாலும் வேளை தவறக் கூடாது. மெலிந்த பிள்ளையென்றால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வகையையும் சேர்த்துத் தராதீர்கள். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, டெங்கு என்று சந்தேகப்படும் காய்ச்சல் அடித்தாலோ இவை வேண்டாம்.

கூடவே ஒத்தடம். வெந்நீர்ப் பையில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துணி சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். கொதிநீர் கூடாது. பை இல்லையென்றால் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொள்ளலாம். முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள்.

நம் கடற்கரையில் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறோம். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து பிள்ளைகள் அதையும் குடிப்பதில்லை. மலச்சிக்கலும் அடக்கிவைத்த சிறுநீரும் அதே இடத்து வலியைக் கூட்டும். தண்ணீர், கீரை, கொய்யா, பருவத்தில் பனங்கிழங்கு எல்லாம் உதவும். வலியில் வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டே கிடந்தால் அந்தத் தசைகளும் தனியாக வலிக்கத் தொடங்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிறு மேலெழும்படி மூச்சிழுத்து மெதுவாக விடச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம்.

இப்படி மூன்று மாதம் செய்தும் பள்ளிக்கூடம் போக முடியவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். எண்டோமெட்ரியோசிஸாக, அதாவது கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயாக இருக்கலாம், அது ஸ்கேனில் தெரியாமல் போவதுண்டு. உங்கள் மாமியார் அன்பில்தான் சொல்கிறார், ஆனால் கல்யாணம் இதற்கு மருந்தாகாது. அதுவரை அந்தப் பிள்ளை மாதாமாதம் துடிக்க வேண்டுமா? மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள், பின்னால் குழந்தை பிறப்பதை அது கெடுக்காது. இந்த வயதில் வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனே போதும். பெண் மருத்துவர் வேண்டும் என்றும் தயங்காமல் கேளுங்கள்.

போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். தேதி, பத்துக்கு எத்தனை வலி, மாத்திரை கொடுத்த நேரம், மலம் சிறுநீர் கழிக்கையில் வலித்ததா, விலக்கில்லாத நாளிலும் வலித்ததா, எத்தனை நாள் பள்ளி போகவில்லை, இவையெல்லாம் அதில் இருக்கட்டும். மகளே தன் கையால் எழுதட்டும். மருத்துவரிடம் அவளே பேசட்டும்.

திடீரென ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்து வாந்தியெடுத்தால், மயங்கி விழுந்தால், காய்ச்சலும் சேர்ந்தால், விலக்கு நாளா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சூலகம், அதாவது கருமுட்டைப் பை, முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரவானாலும் 108-ஐ அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
அக்கா