பிவ்விப் பையை வாங்குவதா, தைப்பதா?

கேள்வி: வார இறுதிகளில் சைக்கிளில் போய், ஒன்றிரண்டு இரவு வெளியில் தங்கிவிட்டு வருகிறேன். கூடாரம் மட்டுமே 2.6 கிலோ. அதை விட்டுவிட்டு ஒரு பிவ்விப் பை (ஸ்லீப்பிங் பேக்கின் மேல் போடும் பாதுகாப்பு உறை) வாங்கலாம் என்று பார்க்கிறேன். "மூன்று அடுக்குத் துணி, 10,000 மி.மீ. நீர்த்தாங்கு திறன், நன்றாக மூச்சு விடும், மேலே கூரை எதுவும் வேண்டாம்" என்கிறார் விற்பவர். எனக்குத் தையல் மிஷின் ஓட்டத் தெரியும். பிவ்வியையும் சைக்கிள் பைகளையும் நானே தைத்தால் எடை குறையுமா? எந்தத் துணி வாங்குவது?

பதில்: முதலில், அந்த விற்பவரிடம் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அவர் சொன்ன 10,000 பொய்யாக இருக்க வேண்டியதில்லை. துணியின் மேல் எத்தனை மி.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதுதான் அந்த எண். மேலே விரிக்கும் கூரைக்கு 1,500 இருந்தாலே பெரும்பாலும் போதும். முழங்கையும் இடுப்பும் அழுத்துகிற அடித்துணிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். சரி, 10,000 நல்ல எண்தான். ஆனால் பிவ்விக்குள் படுத்தவர் காலையில் நனைந்து எழுவது பெரும்பாலும் மழையால் நடப்பதில்லை. அவர் உடம்பிலிருந்து வந்த ஈரம்தான் அவரை நனைத்திருக்கும்.

தூங்கும்போது மூச்சும் தோலும் சேர்ந்து இரவெல்லாம் ஏறக்குறைய கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியே விடுகின்றன. இந்த ஆவி துணியைத் தாண்டி வெளியே போக வேண்டும். கோர்டெக்ஸ் போன்ற சவ்வுத் துணிகள் (மூன்று அடுக்கில் நடுவில் இருப்பது இந்தச் சவ்வுதான்) அதைத் தாமாக வெளியே தள்ளுவதில்லை. உள்ளே ஆவி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால் மட்டும் அது மெல்லக் கடந்து போகும். 25 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவியைப் பிடித்து வைக்கும். 0 டிகிரிக் காற்றால் 5 கிராமைக்கூடப் பிடிக்க முடியாது. வெதுவெதுப்பான மழை இரவில் வெளிக்காற்றே ஈரத்தில் நிறைந்து நிற்கிறது. அப்போது உள்ளே இருக்கும் ஆவி எங்கே போகும்? ஈரத் துணியைப் பூட்டிய குளியலறையில் காயப்போட்ட கதைதான். போதாததற்கு, மழை வந்தால் முகத்தையும் மூடி ஜிப்பை இழுத்துவிடுவோம். மூச்சு முழுவதும் உள்ளேயே விழும். பையின் மேற்பரப்பில் உள்ள நீரை விலக்கும் பூச்சு தேய்ந்துபோய், வெளித்துணி நீரில் ஊறிவிட்டால், சவ்வின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். காலையில் "பை ஒழுகுகிறது" என்று புகார் செய்வீர்கள். "துவைத்து, புதிய பூச்சு அடியுங்கள்" என்று பதில் வரும்.

அந்த "மூச்சு விடும்" எண்ணைப் பற்றியும் கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்தில் இத்தனை கிராம் என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். இதை அளக்கப் பல முறைகள் உண்டு. கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து ஒன்று, கவிழ்த்து வைத்து இன்னொன்று. ஒரே துணி ஒரு முறையில் சுமாராகவும் இன்னொரு முறையில் அதைப்போலப் பல மடங்காகவும் தெரியும். எண் எந்த முறையில் பெரிதாக வருகிறதோ அது பெட்டிக்குப் போகிறது. முறையின் பெயரைச் சேர்த்து எழுதும் வழக்கம் இந்தத் தொழிலில் வேரூன்றவே இல்லை. கடைக்காரருக்கும் தெரியாது, கேட்டால் "உயர்தரம்" என்பார். முறை தெரியாத எண்ணை வைத்து இரண்டு பைகளை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: மழையைத் தடுக்கும் வேலையை டார்ப்புக்கு, அதாவது மேலே கட்டும் கூரைத் துணிக்கு, கொடுங்கள். பிவ்விக்குக் காற்றையும், சாரலையும், பனித்துளியையும், தரை ஈரத்தையும் தடுக்கும் வேலை மட்டும் போதும். அப்படிப் பிரித்துவிட்டால் பிவ்வியின் மேல்துணிக்குச் சவ்வே தேவையில்லை. நீரை விலக்கும் பூச்சுள்ள மெல்லிய நைலான் போதும். அது நிஜமாகவே மூச்சு விடும். அப்படிப்பட்ட பிவ்வி 200 கிராமுக்குள் முடியும். முளை, கயிறு எல்லாம் சேர்த்து டார்ப் ஒரு 400 கிராம். மொத்தம் 600. ஒரு நல்ல மூன்று அடுக்குப் பிவ்வியே அந்த எடைக்குப் பக்கத்தில் வரும். அதில் மழை நேரத்தில் உட்கார்ந்து சட்டை மாற்றக்கூட முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மலையேறிகள் சண்டைக்கு வருவார்கள். மரமே இல்லாத உயரத்தில், பலத்த காற்றில், குளிர்ந்த உலர்ந்த இரவுகளில் தங்குகிறீர்கள் என்றால் டார்ப் உங்களுக்கு உதவாது. கட்ட இடம் இருக்காது, கட்டினாலும் விடிவதற்குள் பிய்ந்து போகும். அங்கே முழு நீர்த்தடைப் பிவ்விதான் சரி. வெளிக்காற்று உலர்ந்தும் குளிர்ந்தும் இருப்பதால் சவ்வும் அங்கே தன் வேலையைச் செய்யும். ஆனால் இதிலும் உள்வகைகள் உண்டு. குளிர் உறைநிலைக்கு நன்றாகக் கீழே போய்விட்டால் ஆவி வெளியேறும் முன்பே துணியின் உட்புறத்தில் உறைந்து பொடிப்பனியாக ஒட்டிக்கொள்ளும். காலையில் அதை உதறிவிட வேண்டும். உதறாமல் சுருட்டினால் பகலில் உருகி ஸ்லீப்பிங் பேக்கில் இறங்கிவிடும், அடுத்த இரவு அந்த ஈரத்தில்தான் படுக்கை. ஒரு இரவு என்றால் சமாளிக்கலாம். தொடர்ந்து நான்கைந்து இரவு என்றால் பறவை இறகு நிரப்பிய பேக் நாளுக்கு நாள் தட்டையாகிக்கொண்டே வரும். நடுப்பகலில் அரை மணி நேரமாவது வெயிலில் விரிக்கும் வழக்கம் இருந்தால்தான் இந்த வழி சரிப்படும். அதோடு, உயரமான இடம் என்பதற்காக மட்டும் இந்த விதிவிலக்குப் பொருந்தாது. உயரத்தில் இருந்தாலும் மேகமும் மழையுமாக இருக்கும் இடமென்றால் பழைய கணக்குதான். உங்கள் கேள்வியில் வார இறுதி என்று சொல்லியிருக்கிறீர்கள், உயரமான மலை என்று இல்லை. ஆகவே இது உங்களுக்கானது அல்ல.

எடை விஷயத்தில் ஒரு பொறி. "குறைந்தபட்ச எடை" என்று போட்டிருந்தால் முளை, கயிறு, உறை எதுவும் அதில் சேராது என்று அர்த்தம். சாமான் கையில் வந்ததும் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சாமானைப் புகழ்ந்து எழுதிவிட்டு, கீழே கொடுத்திருக்கும் இணைப்பில் வாங்கினால் கமிஷன் பெறுகிற ஆட்கள் இந்தத் தராசு வேலையைச் செய்வதே இல்லை. பெட்டியில் இருக்கும் எண்ணை அப்படியே திருப்பிச் சொல்வார்கள்.

ஸ்லீப்பிங் பேக்கிலும் இதே தந்திரம்தான். வெப்பநிலை அளவைக்கு 2002இல் ஈஎன் 13537 என்ற ஐரோப்பியத் தரநிலை வந்தது, 2016இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 23537 வந்தது. அதில் குளிருக்கு மூன்று எண்கள் உண்டு: வசதி, கீழ் எல்லை, அபாய எல்லை. அபாய எல்லை என்றால் ஆறு மணி நேரம் உயிரோடு தாக்குப்பிடிக்கலாம் என்கிற கணக்கு. தூங்குவதற்கான கணக்கு அல்ல. இணைய விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வசதி எண்ணை மட்டும் பாருங்கள். கீழே விரிக்கும் பாய்க்கு ஆர் மதிப்பு என்று ஓர் எண் உண்டு, தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்வது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற முறைப்படி அளந்ததா என்று கேளுங்கள். மடக்கும் ஃபோம் பாய் ஏறக்குறைய 2 தரும், ஓட்டை விழுந்தாலும் காற்று இறங்காது. இரண்டு பாய்களை அடுக்கினால் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

இனி துணிக்கு வருவோம். டார்ப்புக்கும் பிவ்வியின் அடிப்பகுதிக்கும் இரு பக்கமும் சிலிகான் ஏற்றிய நைலானோ பாலியஸ்டரோ வாங்குங்கள், சதுர மீட்டருக்கு 45 கிராம் அளவில். நைலான் நனைந்தால் நீளும்; இரவில் கட்டிய டார்ப் விடியும்போது தொய்ந்து முகத்தைத் தொடும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. எனக்குப் பாலியஸ்டரே பிடிக்கும். டைனீமா என்ற உறுதியான இழை கலந்த துணியை விட்டுவிடுங்கள். எடை மிகக் குறைவுதான், ஆனால் விலை அதிகம், உராய்ந்தால் சீக்கிரம் தேயும், அதைத் தைப்பதைவிட ஒட்டுவதுதான் முறை. கற்றுக்கொள்ள ஏற்ற துணி அல்ல.

துணியைச் சில்லறையாக வெட்டி விற்கும் இடைத்தரகர்களிடம் கவனமாக இருங்கள். பாலியூரித்தேன் பூசியதைச் சிலிகான் என்று சொல்லிவிடுவார்கள். சாதாரண ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்துப் பாருங்கள்; சிலிகானில் ஒட்டாமல் கழன்றுவிடும், மற்றதில் பிடிக்கும். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் முகர்ந்து பாருங்கள். புளித்த நாற்றமோ பிசுபிசுப்போ இருந்தால் பாலியூரித்தேன் பூச்சு சிதையத் தொடங்கிய பழைய சரக்கு. நீர் தாங்குமா என்று அறிய, துணியைக் குழிவாகப் பிடித்து நீர் ஊற்றி, அடியில் பெருவிரலால் அழுத்துங்கள். விரல் நனைந்தால் அது தரைக்கு ஆகாது.

டார்ப்பில் தொடங்குங்கள், நேர்க்கோட்டுத் தையல்தான். ரோல் அகலம் பெரும்பாலும் 150 செ.மீ. இருக்கும். 3 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து, ஒவ்வொன்றையும் 110 செ.மீ. அகலத்துக்கு வெட்டி நடுவில் இணைத்தால் ஒருவருக்குத் தாராளமான கூரை. மீந்த பட்டைகளில் சிறு உறைகள் தைத்துக் கையைப் பழக்கலாம். பாலியஸ்டர் நூல் மட்டும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். மெல்லிய துணிக்கு 70 எண் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைக்காதீர்கள். துளைகள் வரிசையாகிக் காகிதம் கிழிவதுபோல் அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். குண்டூசியும் வேண்டாம், குத்திய துளை மூடாது, கிளிப் போடுங்கள். நடுத்தையலில் சிலிகான் பசையை டர்பன்டைனில் இளக்கித் தடவ வேண்டும். ஒட்டு டேப் சிலிகான் துணியில் நிற்காது.

பிவ்வியில் எல்லோரும் தவறுவது சுற்றளவில். எடை குறைய வேண்டும் என்று இறுக்கமாக வெட்டிவிட்டால் ஸ்லீப்பிங் பேக் உப்ப இடமிருக்காது, உப்பாத பேக் சூடு தராது. தோளில் 190 செ.மீ., காலடியில் 140 செ.மீ. சுற்றளவு வையுங்கள், நீளம் உங்கள் உயரத்தைவிட 35 செ.மீ. கூடுதலாக. அடித்துணி இரு பக்கமும் 8 செ.மீ. மேலேறி வரட்டும், அப்போது தையல் தரையில் படாது. முகத்துக்குக் கொசுவலைத் துண்டு வைத்துத் தையுங்கள். காற்றுக்கும் அதுவே வழி. மூச்சு விடாத பிளாஸ்டிக் துணியில் முழுதாக மூடும் பிவ்வி தைக்கவே கூடாது. டார்ப்பைத் தாழ்த்திக் கட்டி அதற்குள் அடுப்புப் பற்றவைக்கவும் கூடாது, கார்பன் மோனாக்சைடு மணக்காது.

டார்ப்பைத் தாங்கக் கம்பு சுமக்க வேண்டாம், சைக்கிளே போதும். முன் சக்கரத்தைக் கழற்றி நிறுத்தினால் ஏறக்குறைய 70 செ.மீ. உயரம் கிடைக்கும். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் இல்லாதபோது பிரேக் பிடியைத் தொடாதீர்கள், பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள்.

சைக்கிள் பைகளில் நீங்கள் தைக்க வேண்டியது பிரேம் பை ஒன்றுதான். ஒவ்வொரு பிரேமின் முக்கோணமும் வேறு, அதனால் கடைப்பை சரியாக உட்காராது. பிரேமுக்குள் அட்டையை வைத்து வரைந்து, சுற்றிலும் அரை செ.மீ. குறைத்து, தையலுக்கு 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். துணி எக்ஸ்பேக் விஎக்ஸ்21 என்ற அடுக்குத் துணி அல்லது 500 டெனியர் (நூலின் தடிமன் அளவு) கார்டூரா நைலான், ஊசி 100. அகலம் 6 செ.மீ.க்கு மேல் போனால் முழங்கால் உரசும். ஹேண்டில்பாருக்குப் பை தைக்காதீர்கள். நீர் புகாத சாதாரண உருளைப் பை ஒன்றை வாங்கி இரண்டு வாரால் கட்டினால் அதைவிட நன்றாக இருக்கும். கட்டும்போது அது முன் சக்கரத்தையும் பிரேக் கேபிளையும் தொடவில்லையா என்று மட்டும் பாருங்கள்.

பிரேம் பை சாகும் இடம் ஜிப். "நீர் புகாத ஜிப்" என்று விற்பது பெரும்பாலும் நீரைத் தாமதப்படுத்தும் ஜிப்தான், தூசி ஏறினால் அதுதான் முதலில் திணறும். 8 அல்லது 10 எண் கொண்ட சுருள் ஜிப்பை வாங்கி, சுருள் உள்பக்கம் வரும்படி வைத்து, மேலே 2 செ.மீ. துணி மடலைத் தையுங்கள். பையை உப்ப நிரப்பினால் எந்த ஜிப்பும் விட்டுக்கொடுத்துவிடும். அதனால் உள்ளே இரு சுவரையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு வெல்க்ரோ தடுப்பு வையுங்கள். அதை இரண்டு பக்கச் சுவர்களையும் இணைப்பதற்கு முன்பே தைத்துவிட வேண்டும், பிறகு மிஷினின் பாதம் அங்கே நுழையாது.