போர்ட் 8096 திறந்தும் வெளியிலிருந்து ஜெல்லிஃபின் வரவில்லை என்றால்

வீட்டுக் கணினியில் (சர்வரில்) உள்ள படம், பாட்டை மற்ற சாதனங்களில் ஓட்டும் ஜெல்லிஃபின் வீட்டு வைஃபையில் ஓடுகிறது, மொபைல் டேட்டாவில் சுற்றிக்கொண்டே நிற்கிறது, ரவுட்டரில் அதன் போர்ட் 8096-க்கு வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்கு அனுப்பும்படி ஃபார்வர்டும் செய்தாயிற்று என்கிறீர்கள். சர்வரை நோண்ட வேண்டாம். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில், இன்டர்நெட் பக்கம் கிடைத்திருக்கும் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் அது சிஜிநாட்: இணையத்தில் நேரடியாக எட்டக்கூடிய ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன, வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரவுட்டரை எட்டவே எட்டாது. எத்தனை போர்ட் திறந்தாலும் வீண்தான்.

இணைய நிறுவனத்திடம் உங்களுக்கென்று தனி பப்ளிக் ஐபி கேட்கலாம். என்னைக் கேட்டால், சர்வரிலும் மொபைலிலும் டெயில்ஸ்கேல் (உங்கள் சாதனங்களை இணையம் வழியே ஒரே தனி நெட்வொர்க்காக இணைக்கும் ஆப்) போட்டு ஒரே கணக்கில் நுழையுங்கள்; சர்வருக்கு அது தரும் முகவரியோடு :8096 சேர்த்து ஜெல்லிஃபின் ஆப்பில் கொடுங்கள். அந்த முகவரியும் 100-இல்தான் தொடங்கும், குழம்பாதீர்கள். ஓடியதும் பழைய ஃபார்வர்டை நீக்கிவிடுங்கள்.

ரவுட்டருக்குக் கிடைத்திருப்பது பப்ளிக் ஐபியாகவே இருந்தால், வீட்டுக்குள் சர்வருக்கு உள்ள ஐபி மாறி, ஃபார்வர்ட் பழைய ஐபிக்கே போகிறதா என்று பாருங்கள்.