ரிக்கெல்மே, ஒரு பெனால்டி – கடிதம்

வணக்கம் சார்,

சென்ற வாரக் கட்டுரையில் போகிற போக்கில் அர்ஜென்டினாவின் ரிக்கெல்மேயை, 'நான் பார்த்த நடுக்கள ஆட்டக்காரர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2006 ஏப்ரலில் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீகில் வியாரியல்–ஆர்சனல் அரையிறுதியை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்த பள்ளி மாணவன் நான். கடைசி நிமிடத்தில் வியாரியலுக்குக் கிடைத்த பெனால்டியை வீணடித்தார். பார்சிலோனாவில் ஒரே வருடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். உலகக் கோப்பையும் இல்லை. ஓட மாட்டார், பந்தைப் பறிகொடுத்தால் திரும்பி வர மாட்டார், பயிற்சியாளர்களோடு ஓயாத தகராறு வேறு. தோற்றவர்கள் என்றாலே எழுத்தாளர்களுக்கு ஒரு கிறக்கம் உண்டே, அதுதானா இது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் கிறக்கம் எனக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரிக்கெல்மேயைத் தோற்றவர் கணக்கில் எழுதவேண்டுமென்றால் ஐரோப்பாவை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். நம்மில் பலருக்கு அதுதான் சிக்கல், டிவியில் வந்ததுதான் கால்பந்து. அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் கிளப்புக்காக லிபர்டடோரஸ் கோப்பையை மூன்று முறை வென்றவர் அவர்: 2000, 2001, 2007. தென்னமெரிக்கக் கிளப்புகளுக்கு அதற்கு மேல் ஒரு கோப்பை கிடையாது. 2007 இறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து போகா பிரேசிலின் கிரேமியோவை 5-0 என்று அடித்தது, அதில் 3 கோல் இவருடையது. அடுத்த வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அர்ஜென்டினா தங்கம் வாங்கியபோது கேப்டனும் இவர்தான், மெஸ்ஸி இவருக்குக் கீழே ஆடினார்.

சரி, பதக்கப் பட்டியலை வைத்து உங்களிடம் ஜெயித்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 'ஓட மாட்டார்' என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அர்ஜென்டினாவில் அவர் ஆடிய இடத்துக்கு 'எங்காஞ்சே' என்று பெயர். கொக்கி என்று அர்த்தம், ரயில் பெட்டிகளைக் கோத்துவிடும் கொக்கியையும் ஸ்பானிய மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். பின்னால் இருக்கும் நடுக்களத்துக்கும் முன்னால் நிற்கும் முன்கள வீரர்களுக்கும் நடுவில் ஒரே ஓர் ஆள், எல்லாப் பந்தும் அவர் வழியாகத்தான் போகும். அவர் வேகமெடுத்தால் அணி வேகமெடுக்கும், அவர் பந்தை மிதித்து நிறுத்தினால் மைதானத்தில் இருபத்தொரு பேரும் நிற்க வேண்டியதுதான். ரிக்கெல்மே அடிக்கடி நிறுத்துவார். எதிராளிக்கு முதுகைக் காட்டி நின்று, கையைக் கொஞ்சம் விரித்து, உள்ளங்காலால் பந்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருப்பார், மளிகைக்கடையில் தன் முறைக்குக் காத்திருக்கும் ஆள்போல. பின்னால் இருப்பவன் பொறுமை இழந்து காலை நீட்ட வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு நேரமும்.

2000 மே மாதம், லிபர்டடோரஸ் காலிறுதி, எதிரே போகாவின் பரம எதிரி ரிவர் பிளேட். கோட்டோரம் பந்து வருகிறது, மரியோ யெபஸ் என்ற கொலம்பியத் தடுப்பாளர் முதுகோடு ஒட்டி நிற்கிறார், போக வழியே இல்லை. ரிக்கெல்மே உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், யெபஸின் இரண்டு கால்களுக்கும் நடுவே விட்டுவிட்டு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து கோல் ஒன்றும் விழவில்லை. போகா 3-0 என்று ஜெயித்த ஆட்டம் அது, ஆனால் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அந்தக் கோல்களை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வார்கள்.

இப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மற்ற பத்துப் பேர் அவருக்காக ஓட வேண்டும். போகாவில் பயிற்சியாளர் கார்லோஸ் பியாஞ்சி அப்படித்தான் அணியை அமைத்தார், செர்னாவும் பட்டாக்லியாவும் பின்னால் நின்று பந்தைப் பறித்துப் பறித்து இவரிடம் கொடுத்தார்கள். பார்சிலோனாவில் 2002-03இல் பயிற்சியாளர் வான் காலுக்கு அதற்கெல்லாம் மனசில்லை. இவரைக் கேட்டு வாங்கியவரும் அவரில்லை. ஓரத்தில் நிறுத்திவைத்தார். கொக்கியைக் கொண்டுபோய் ரயிலின் ஜன்னலில் மாட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. (அவர் அங்கே போன நேரமும் சரியில்லை. அந்த வருடம்தான் ஊரில் அவருடைய தம்பியைக் கடத்தி, பணம் கொடுத்து மீட்டிருந்தார்கள்.) மறு வருடம் ரொனால்டினோ வந்துவிட்டார், இவர் வியாரியலுக்குப் போனார். ஸ்பெயினில் 50,000 பேர் வசிக்கும் ஓடு தயாரிக்கும் ஊர். அங்கே பயிற்சியாளர் பெய்யக்ரீனி பழையபடி எல்லாப் பந்தையும் இவரிடம் கொடுக்கச் சொன்னார், மார்கோஸ் சென்னா இவருக்குமாகச் சேர்த்து ஓடினார், 2004-05இல் போர்லான் லீகில் 25 கோல் போட்டார், கிளப் மூன்றாவது இடத்தில் முடித்தது. அடுத்த வருடம் முதன்முதலாகச் சாம்பியன்ஸ் லீகின் பிரதானச் சுற்றுக்கு வந்து, இன்டர் மிலானை வெளியே அனுப்பிவிட்டு, நேராக அரையிறுதி.

நீங்கள் பார்த்த இரவுக்கு வந்துவிட்டோம். முதல் ஆட்டத்தில் ஆர்சனல் 1-0. இரண்டாவதில் கோலே இல்லாமல் 88 நிமிடம் தாண்டியாகிவிட்டது, பெனால்டி கிடைக்கிறது, போட்டிருந்தால் கூடுதல் நேரம். நானும் பார்த்தேன். அவர் முகத்தில் அன்று வழக்கமான அலுப்பு இல்லை. அவசரமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் சரியான பக்கம் பாய்ந்தார், அவ்வளவுதான். எனக்கு ஒரு எண்ணம் உண்டு: இவருடைய ஆட்டம் முழுக்க எதிராளியைக் காக்கவைத்துப் பொறுமை இழக்கச் செய்வது, பெனால்டியில் காத்திருக்கும் சலுகை கோல்கீப்பருக்குப் போய்விடுகிறது. ஆனால் எத்தனையோ பெனால்டியை அவர் கோலாக்கியிருக்கிறார் என்பதால் இதை நானே முழுதாக நம்புவதில்லை. தவறவிட்டார். அந்தத் தவறு அவருடையதுதான், உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் இரண்டே மாதம் கழித்து பெர்லினில் நடந்ததற்கு வேறு ஆள் பொறுப்பு. உலகக் கோப்பைக் காலிறுதி, ஜெர்மனிக்கு எதிராக ரிக்கெல்மே எடுத்த கார்னரை அயாலா தலையால் முட்டி 1-0. அர்ஜென்டினா பயிற்சியாளர் பெக்கர்மன் 72வது நிமிடத்தில் ரிக்கெல்மேயை வெளியே எடுத்து கம்பியாஸோவை இறக்கினார், முன்னிலையைக் காப்பாற்ற. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவதில் உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரரை, நேரத்தைக் கடத்தவேண்டிய நேரத்தில் உட்காரவைத்துவிட்டார்! 80வது நிமிடத்தில் குளோசே சமன் செய்தார். பெனால்டியில் தோல்வி, தவறவிட்டவர்கள் அயாலாவும் கம்பியாஸோவும், எதிரே கோலில் நின்றவர் அதே லேமன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தகராறுகளைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்வது நிஜம். 2001இல் ரிவருக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு மைதான நடுவில் போய் நின்று இரண்டு காதுகளுக்கும் கையைக் குவித்து கிளப் தலைவர் மௌரிசியோ மக்ரி இருந்த திசையைப் பார்த்தார், சம்பள ஒப்பந்தத் தகராறு. தன் மகளுக்குப் பிடித்த பொம்மைச் சுண்டெலி டோபோ ஜீஜோவைக் காட்டினேன் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார், நம்பியவர்கள் குறைவு. பெய்யக்ரீனியோடும் கடைசியில் முறிந்துதான் 2007இல் போகாவுக்குத் திரும்பினார். 2009இல் மரடோனா பயிற்சியாளராக இருந்தபோது தேசிய அணியை விட்டே போனார், அவர் விட்ட 10ஆம் எண் சட்டைதான் மெஸ்ஸிக்கு வந்தது. யாராவது ஒருவராவது அவரிடம் 'சரி, கொஞ்சம் விட்டுக்கொடுப்பா' என்று சொல்லிப் பார்த்தார்களா தெரியாது, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். 2022 உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்குக் கோல் போட்ட மெஸ்ஸி, எதிரணிப் பயிற்சியாளராக நின்ற அதே வான் கால் பக்கம் திரும்பி அதே மாதிரி காதில் கை வைத்தாரே, அர்ஜென்டினாக்காரர்களுக்கு அதற்குக் கோனார் உரை தேவைப்படவில்லை.

இப்போது ரிக்கெல்மேதான் போகாவின் தலைவர், 2023 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தார், எதிர் அணியில் துணைத்தலைவர் பதவிக்கு நின்றவர் அதே மக்ரி. நிர்வாகியாக அவரைப் பாராட்ட என்னால் முடியாது. 2025 கிளப் உலகக் கோப்பையில் ஆக்லாந்து சிட்டி என்ற பகுதிநேர ஆட்டக்காரர்களின் அணியோடு போகா 1-1 என்று முட்டிக்கொண்டு நின்றது, அதுவும் அவர் பிறந்தநாளான ஜூன் 24 அன்று.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. 2000 நவம்பரில் டோக்கியோவில் தென்னமெரிக்க சாம்பியனும் ஐரோப்பிய சாம்பியனும் மோதிய போகா–ரியல் மாட்ரிட் ஆட்டம் யூடியூபில் கிடைக்கும், போகாவுக்கு 2-1. போகாவின் இரண்டு கோலும் பலெர்மோ, முதல் ஆறு நிமிடத்துக்குள். இரண்டாவது, ரிக்கெல்மே தன் பாதியிலிருந்து தூக்கிப்போட்ட பந்து. சுருக்கத் தொகுப்பைப் பார்க்காதீர்கள், அதில் இதோடு முடிந்துவிடும். முழு ஆட்டத்தையும் போட்டு, மாட்ரிட்டின் மகலேலேயையும் ஜெரெமியையும் மட்டும் பாருங்கள், மிச்சமிருக்கும் எண்பத்துச் சொச்சம் நிமிடமும் அந்த ஒரு முதுகுக்குப் பின்னால் அவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று. பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.