எத்தனை விழணும் என்று சொல்லலாமா?

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை தோறும் மொட்டை மாடியில் நாலு நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு நடத்துகிறேன். ஆளுக்கொரு கேரக்டராக இருந்து, செய்ய நினைப்பது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் கதை ஆட்டம் இது. கதை நடப்பது ஏற்காட்டில். பகடையை எடுத்ததுமே ஒருவர், 'எத்தனை விழணும்?' என்கிறார். எண்ணைச் சொன்னாலே கதை செத்துப்போகிறது என்கிறார் இன்னொருவர். கதையை நடத்தும் கேம் மாஸ்டராக நான் எதைச் சொல்ல, எதை மறைக்க?"

எண்ணைச் சொல்லிவிடுங்கள். தாயம் ஆடும்போது ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அது தெரிவதால்தான் கட்டை உருளும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். எண் தெரியாவிட்டால் உருட்டி முடித்து உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் கதையிலேயே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மழை விட்ட மறுநாள். கிள்ளியூர் அருவிக்குப் பக்கத்தில் பாசி பிடித்த பாறையில் ஒருவர் இறங்கப் பார்க்கிறார். நீங்கள் வைத்திருக்கும் இலக்கு 15, அவருடைய திறமைக்காகப் பகடை எண்ணோடு சேரும் கூடுதல் மதிப்பு 3. பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பகடையின் 20 முகத்தில் 9 முகம், அதாவது 45 சதவீதம். இதைச் சொன்னால் அவர் தயங்குவார், "கயிறு கட்டி இறங்கினால்?" என்பார். சாதகமாக இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கச் சொல்கிறீர்கள் என்றால், வாய்ப்பு கிட்டத்தட்ட 70 சதவீதம் ஆகிவிடும். சரி, கயிறு எங்கே கிடைக்கும்? காப்பித் தோட்டத்துக் கிடங்கில். அங்கே யார் காவல்? கதை தானாக நகர ஆரம்பித்துவிட்டது. அந்தக் கேரக்டர் மலையில் வளர்ந்தவர் என்றால், பாறையைப் பார்த்த மாத்திரத்திலேயே எவ்வளவு வழுக்கும் என்று அவருக்குத் தெரியாதா? மாடியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் நண்பருக்கு அந்தக் கண் இல்லை. எண்தான் அவருக்குக் கண்.

மறைக்கும் பழக்கம் பழையது. இதே ஆட்டத்துக்கு 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், எத்தனை விழுந்தால் அடி படும் என்று காட்டும் தாக்குதல் அட்டவணை கிடையாது. 1979இல் வந்த கேம் மாஸ்டர் கையேட்டில்தான் அது இருந்தது. ஐந்தாம் பதிப்பிலோ சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20 என்று ஆட்டக்காரர் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற இன்னொரு கதை ஆட்டத்தில், உருட்டும் முன்பே ஆபத்து எவ்வளவு, பலன் எவ்வளவு என்று கேம் மாஸ்டர் சொல்லியாக வேண்டும். எண்ணைவிட முக்கியமாக நான் நினைப்பது இதைத்தான். "தவறினால் விழுந்து அடிபடும்" என்பதும் "தவறினால் சத்தம் கேட்டுக் காவலாளி வருவான்" என்பதும் ஒன்றல்ல. எது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

மறைக்க வேண்டியதும் உண்டு. பகடையில் விழும் எண்ணே துப்புக் கொடுத்துவிடும் இடங்கள் அவை. எஸ்டேட் கணக்குப்பிள்ளை பொய் சொல்கிறாரா என்று பார்க்க உருட்டி 2 விழுந்தால், "அவர் நல்லவர்தான்" என்று நீங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்? அதை உங்கள் முன்னால் வைக்கும் மறைப்புத் திரைக்குப் பின்னால் நீங்களே உருட்டுங்கள். குகையில் ரகசிய வழியைக் கவனிப்பதற்குப் பகடையே வேண்டாம். 10உடன் அவரவர் கூடுதல் மதிப்பைச் சேர்த்து முன்பே குறித்து வைத்துக்கொண்டு இலக்கோடு ஒப்பிட்டால் போதும். எதிரி மேல் அடி படத் தேவையான கவச எண்ணைச் சண்டையில் ஒரு சுற்று முடிந்ததும் சொல்லிவிடலாம், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளிகளில் அவனுக்கு மிச்சம் எத்தனை என்று சொல்ல வேண்டாம். பாதிக்குக் கீழே இறங்கியதும் "ரத்தம் சொட்டுகிறது, நொண்டுகிறான்" என்றால் போதும்.

திரைக்குப் பின்னால் உருட்டினாலும் விழுந்ததை மாற்றாதீர்கள். ஒரு கேரக்டர் சாகக் கூடாது என்று நான் ஒருமுறை மாற்றினேன். எதிரே இருந்த நண்பர் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த ஆபத்துக்கும் பயப்படவே இல்லை. அந்த ஆட்டம் அதோடு சப்பென்று போய்விட்டது.

கதை செத்துப்போகிறது என்கிற நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு உறுத்துவது எண் வரும் வரிசையாக இருக்கலாம். "12 விழணும், உருட்டு" என்று ஆரம்பிக்காதீர்கள். பனி மூடிய பள்ளம், காலுக்கடியில் நெளியும் பாசி, கீழே தண்ணீர் இரைச்சல், அப்புறம் எண். அவர் உருட்டியதும் என்ன நடந்தது என்பதை அவரையே சொல்ல விடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன், எந்தெந்த உருட்டல் திரைக்குப் பின்னால் நடக்கும் என்பதை மட்டும் நாலு பேருக்கும் சொல்லிவிடுங்கள்.