கடற்காற்றில் துருப்பிடிக்கும் கியர் சைக்கிளில் எதை முதலில் மாற்றுவது?

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாங்கிய 21 கியர் சைக்கிள் பல்கனியில் நிற்கிறது. அழுத்தி மிதித்தால் செயின் நழுவுகிறது, மழையில் பிறேக் பிடிப்பதில்லை. ஆகவே கியர்த் தொகுதி முழுவதையும் விலை கூடியதாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்துகொண்டு என் சைக்கிளின் திருத்த வேலைகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே செய்து வருபவன் என்ற முறையில், கியர்த் தொகுதியில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். அதற்கு ஒதுக்கிய காசில் ஒரு சிறு பங்கைச் செயின், பிறேக் கட்டை, கேபிள் ஆகிய மூன்றிலும் செலவழித்தால் நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் தீர்ந்துவிடும்.

முதலில் செயினை அளந்து பாருங்கள். அங்குலம் குறித்த இரும்பு அடிமட்டம் ஒன்று போதும். செயினின் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையிலான தூரம் சரியாக அரை அங்குலம் என்பதால், ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்து 24 ஆணி தள்ளிப் பார்த்தால், புதுச் செயினில் அந்த ஆணியின் நடுப்பகுதி 12 அங்குலக் கோட்டில் நிற்கும். அது 1/16 அங்குலம் தாண்டி நின்றால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தாண்டி நின்றால் செயின் தன்னோடு பின் பல்சக்கரங்களையும் தேய்த்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தகடுகள் இழுபட்டு நீள்வதால் இது நேர்வதில்லை. ஒவ்வொரு ஆணியும் தன் துளையில் தேய்ந்து தளர்கிறது. அந்த மிகச் சிறிய தளர்வுகள் கூடி இப்படி அடிமட்டத்தில் தெரிகின்றன. பல்சக்கரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், அதிகம் பயன்படுத்திய சக்கரத்தின் பற்கள் சுறாவின் பல்போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் புதுச் செயினை மட்டும் போட்டால் நழுவல் இன்னும் கூடுமே தவிரக் குறையாது; பிறீவீலையும், அதாவது பின் பல்சக்கரத் தொகுதியையும், சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஆனால் எல்லா நழுவலும் தேய்மானத்தால் வருவதில்லை. குறிப்பிட்ட ஒன்றிரண்டு பல்சக்கரங்களில் மட்டும், அழுத்தி மிதிக்கும்போது நழுவினால் அது தேய்மானம். எந்தக் கியரில் இருந்தாலும் டக் டக்கென்று சத்தம் எழுப்பிப் பக்கத்துச் சக்கரத்துக்குத் தாவப் பார்த்தால், கேபிளின் இழுவிசை பிசகியிருக்கிறது. பின் கியர் மாற்றியில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பினாலே சரியாகும். அப்படித் திருப்பியும் நிலைக்காவிட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உறையோடு உராய்கிறது என்று பொருள். கடலோரத்தில் இது மிகச் சாதாரணம். கம்பியையும் உறையையும் புதிதாகப் போட்டுவிட்டால், பழைய கியர் மாற்றியே புதிது போல வேலை செய்வதைக் காண்பீர்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் வேறொரு மாற்றத்தை நான் கண்டதில்லை.

எண்ணெய் விடும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கழிவு இயந்திர எண்ணெயை ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணெயில் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருக்கும். செயினைக் காப்பதற்கு மாறாக அவை அதை அராவுகின்றன. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் இறுகிய நட்டை இளக்கவும் நல்லது. ஆனால் அதன் வழக்கமான ரகம் செயினில் நீண்ட நாள் தங்கும் எண்ணெய் அல்ல. முதலில் உப்பைப் போக்க நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவித் துடையுங்கள். அழுக்கு ஏறிப் போயிருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியால் தேய்த்து எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, செயினின் உள் பக்கத்தில் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி வீதம் செயின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, வெளியில் படிந்ததை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஆணிக்குள்தான் வேண்டும்; வெளியில் நின்றால் மணலைத்தான் பிடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலின் உப்புத் தூவானத்தை நேரே உங்கள் பல்கனிக்குக் கொண்டுவரும் என்பதால், அந்த மாதங்களில் சைக்கிளை வீட்டுக்குள்ளோ படிக்கட்டின் கீழோ வைக்க இடம் கிடைத்தால் அதுவே பாதிப் பராமரிப்பு.

பிறேக்குக்கு வருவோம். றிம்மில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது குரோம் பூசிய இரும்பு றிம். நனைந்தால் அதில் எந்தக் கட்டையும் ஒழுங்காகப் பிடிக்காது. அலுமினிய றிம் உள்ள சக்கரத்துக்கு மாறுவதே அதற்குத் தீர்வு; முன்சக்கரத்தை முதலில் மாற்றினாலும் போதும், ஏனெனில் நிறுத்தும் வலுவில் பெரும்பகுதி முன்சக்கரத்திலிருந்தே வருகிறது. காந்தம் ஒட்டாவிட்டால் பிறேக் கட்டைகளைக் கழற்றி அவற்றின் முகத்தைப் பாருங்கள்: மழைக்காலத்தில் ஓடிய கட்டையில் மணலும் வெள்ளி நிறத்தில் மினுங்கும் அலுமினியச் சிலும்புகளும் பதிந்திருக்கும். றிம்மை அராவுவது அவைதான். ஊசி முனையால் அவற்றைத் தோண்டி எடுத்து, அரத்தாளில் முகத்தைச் சமப்படுத்தி, றிம்மைத் துணியால் துடைத்துப் பூட்டுங்கள். கட்டையிலுள்ள பள்ளங்கள் தேய்ந்து மறைந்திருந்தால் புதிது வாங்குங்கள். உறை வாங்கும்போது பிறேக்குக்கு உரியதையும் கியருக்கு உரியதையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும்; பிறேக் உறை சுருள் கம்பியாலானது, கியர் உறையில் கம்பிகள் நீளவாட்டில் ஓடும். பிறேக்கின் அழுத்தத்தில் கியர் உறை வெடித்துப் பிரியக்கூடும், ஆகவே அதைப் பிறேக்குக்குப் போடவே கூடாது.

விலை கூடிய கியர்த் தொகுதியை நான் ஏன் தடுக்கிறேன் என்றால், 21 கியர் சைக்கிள் பெரும்பாலானவற்றில் பின்புறம் திருகிப் பூட்டும், 7 பல்சக்கரங்கள் கொண்ட பிறீவீல்தான் இருக்கும். ஒன்பது, பத்துப் பற்சக்கரத் தொகுதிக்குப் போக வேண்டுமானால் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள குடம் (ஹப்), கியர் மாற்றி, கைப்பிடி நெம்பு, செயின் என்று எல்லாம் மாறும். செலவு சைக்கிளின் விலையை நெருங்கிவிடும். காலி வீதியைப் போல மேடு பள்ளம் இல்லாத பாதையில் ஓடுபவருக்கு அதனால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு.

ரயர் மாற்றுவதானால் 26 என்ற எண்ணை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். 26 x 1.75 ரயரின் உள்விட்டம் 559 மில்லிமீற்றர், 26 x 1 3/8 ரயருக்கு அது 590. ஒன்று மற்றதில் ஏறாது. ரயரின் பக்கத்தில் 47-559 என்பது போல அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். இருக்கைத் தண்டையும் மறக்க வேண்டாம்: இரும்புச் சட்டத்துக்குள் அலுமினியத் தண்டு நின்றால் உப்பு ஈரத்தில் இரண்டும் அரித்து இறுகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது உருவித் துடைத்து கிறீஸ் பூசிப் போடுங்கள். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கப் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதை நினைவில் வைத்திருங்கள்.

பிறீவீலைக் கழற்றுவதையும் சக்கரக் கோணல் எடுப்பதையும் கடையில் கொடுத்துவிடுங்கள். பிறீவீல் ஒவ்வொரு மிதியிலும் மேலும் இறுகிக்கொண்டே போவதால், அதற்குரிய சாவியும் பெரிய இடுக்கியும் இல்லாமல் அது அசையாது. அவை இருப்பவர் சில நிமிடங்களில் கழற்றிவிடுவார். புறக்கோட்டை டாம் வீதியில் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.